தகவலுக்காக ஏழு கடிதங்கள்

கவர் வந்தது பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கும் வேனுக்கும் சேர்த்து ஒரே கவரில் இன்சூரன்ஸ் கம்பெனி புதுப்பிப்பு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தேன். போன வருஷத்துத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்குப் பிரீமியம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. வேனுக்கு ஒன்றே முக்கால் மடங்கு. அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று, எழுத்தால் எழுதியிருந்த தொகையையும் படித்தேன். எழுத்திலும் அதேதான்.

"எவ்வளவு?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"குளிச்சிட்டு வா, சொல்றேன்."

"இப்பவே சொன்னா தண்ணி சூடு குறைஞ்சிடுமா? சொல்லுங்க."

சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் தாளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நின்ற வேனைத்தான் பார்த்தாள்.

வேன் அவளுடையது. தினமும் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவாள். ஏழு கிளினிக்குகளில் இரத்தமும் மற்ற மாதிரிகளும் இருக்கிற பெட்டிகளை வாங்கி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அடுக்கி, பத்து மணிக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பாள். அதே கூடத்தில் முன்பு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருஷம் ரசீது கிழித்தவள். "என் முதுகு நாற்காலி வடிவத்துக்கு வந்துடுச்சு" என்று ஒருநாள் வேலையை விட்டாள். சேமிப்பை எடுத்துப் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதே கூடத்தில் போய் ஒப்பந்தம் கேட்டாள். ஆறு வருஷத்தில் ஒரு பெட்டிகூடத் தாமதமாகப் போனதில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை, வேனின் புதிய பாலிசி நகலைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே வேலை வேறு ஆளுக்குப் போகும். பத்து வேன் வைத்திருக்கிற கூரியர்காரர் ஒருவர் அதற்காகவே காத்திருந்தார். வீட்டுப் பாலிசியைக் கைவிட முடியாது, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது. இரண்டையும் கட்டுவது எங்களால் ஆகாது. ஆக, போவதென்றால் வேன்தான் போகவேண்டும். 

"மறுபடியும் கவுண்டர்ல உட்கார வேண்டியதுதான்" என்றாள். "நாற்காலியாவது மாத்தியிருப்பாங்களா?"

"இரு. வேற கம்பெனியில கேட்டுப் பார்க்கிறேன்."

புதன், வியாழன் இரண்டு நாளும் மதிய இடைவேளையில் மூன்று கம்பெனிகளுக்குப் போன் செய்தேன். முதல் கம்பெனி சொன்ன தொகை இதைவிடக் கூடுதல். இரண்டாவது கம்பெனி வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. மூன்றாவது கம்பெனியில் பேசிய பெண் மட்டும் காரணத்தையும் சொன்னாள்.

"சார், அஞ்சு வருஷத்துல உங்க ரெண்டு பாலிசியிலயும் சேர்த்து ஏழு சம்பவம் இருக்கே. வேன்ல அஞ்சு, வீட்டுல ரெண்டு. யார் கொடுப்பாங்க சார் உங்களுக்கு?"

"நாங்க ஒரு தடவைகூட பணம் வாங்கினதில்லையேம்மா."

"வாங்கினதா நான் சொல்லலை சார். சம்பவம்னு பதிவாயிருக்கு. எல்லாக் கம்பெனிக்கும் அது தெரியும்."

போனை வைத்தேன். ஏழு என்ற எண் எனக்கு எங்கோ பழகியதாக இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பச்சைக் கோப்பு ஒன்றை எடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதங்களின் நகல்கள் அதில் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் ரூமில் பொறுப்பாளன். மருந்துப் பாட்டில் உடைந்தால், அட்டைப்பெட்டி நனைந்து வந்தால், கையுறை ஒரு ஜோடி குறைந்தால், அன்றைக்கே ஒரு தாளில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். மேலே "தகவலுக்காக" என்று தலைப்பு. ஆறு மாதம் கழித்து யாராவது வந்து ஏன் குறைகிறது என்று கேட்டால், என் தாள் அவர்களுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. நர்ஸுகள் எனக்கு வைத்த பெயரே தகவல். "தகவல் சாப்பிடப் போயிருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

அதே வழக்கத்தில்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதியிருந்தேன். லாரியிலிருந்து கல் தெறித்து வேனின் முன்கண்ணாடியில் கீறல் விழுந்தது. நிறுத்தியிருந்தபோது யாரோ பின்விளக்கை உடைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பந்து வந்து எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. சமையலறை மூலையில் மழை ஈரம் இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், பதிவுத் தபாலில். ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றே: "எங்கள் செலவில் சரிசெய்துகொண்டோம். இழப்பீடு எதுவும் கோரவில்லை. இது தங்கள் தகவலுக்காக மட்டும்."

மனைவியிடம் மறைக்கவில்லை. கோப்பை அவள் முன்னால் திறந்துவைத்துச் சொன்னேன். அவள் ஏழு கடிதங்களையும் படித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

அதற்குக் கத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை வேனுக்கு எண்ணெய் மாற்றும் நாள். அவளுடைய தம்பி, என் மைத்துனன், மெக்கானிக். அவன் பட்டறைக்கு இருவரும் போனோம். வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தவன், அக்கா சொன்னதையெல்லாம் அங்கே இருந்தபடியே கேட்டான். சிரிப்புச் சத்தம் மட்டும் முதலில் வெளியே வந்தது. பிறகு அவனும் வந்தான்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன் மாமா. பதிவுத் தபால்ல வச்சவர் நீங்கதான்."

"போதும்டா" என்றாள் அவள்.

"இல்லக்கா, தவளைகூட வாயாலதான் கெடும். மாமா நகலும் எடுத்து வச்சிருக்காரு பாரு."

எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ள இடமில்லாததால், "நீ ஒரு வேலைக்காவது எங்களுக்குப் பில் போட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"அக்கா வண்டிக்குப் பில்லா? அப்புறம் எங்கம்மா எனக்குச் சோறு போடுமா? எனக்குப் பேப்பரே ஆகாது மாமா. என் கணக்கெல்லாம் வண்டியிலதான்."

அவன் பக்கத்தில் நின்ற காரின் பானெட்டைக் காட்டினான். தூக்கி நிறுத்தியிருந்த மூடியின் உள்பக்கத்தில், வெள்ளைப் பெயின்ட் பேனாவால் தேதியும் வேலையும் எழுதியிருந்தது. எந்த வண்டி வந்தாலும் செய்த வேலையை அங்கே ஒரு வரி எழுதிவிடுவானாம். அடுத்த தடவை பானெட்டைத் திறந்தால் வண்டியே கதை சொல்லும் என்றான். எங்கள் வேனிலும் அந்த மாதிரி வெள்ளைக் கிறுக்கல்கள் இருப்பது எனக்குத் தெரியும். படித்துப் பார்த்ததில்லை. தாளில் இல்லாதது எனக்கு எழுத்தாகவே படுவதில்லை.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள். ஒரு சிக்னலில் நிற்கும்போது, "உங்க மேல கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன். இருக்கு" என்றாள். "ஆனா நீங்க பொய் எழுதலை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போங்க. நானே கொண்டுபோய் விடறேன்."

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவள் கூடத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, பத்தே காலுக்கு என்னை இன்சூரன்ஸ் அலுவலகத்து வாசலில் இறக்கினாள். அவள் வேனிலேயே இருந்துகொண்டாள். இரண்டாம் மாடி. டோக்கன் நாற்பத்து மூன்று. என் முறை வந்தபோது, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அதிகாரி அம்மாள் முன்னால் உட்கார்ந்தேன். கோப்பைக் கொடுத்தேன். முதல் கடிதத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"என்னம்மா?"

"இங்க உங்க கடிதம் வந்தா கிளார்க் எல்லாரும் எடுத்துப் படிப்பாங்க சார். இந்தக் காலத்துல யார் தேதி போட்டு, பொருள் போட்டு எழுதறா?"

"அப்போ ஏம்மா சம்பவம்னு பதிவு பண்ணீங்க?"

அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "கடிதம்னு ஒன்னு வந்தா அதைப் போட எங்ககிட்ட ரெண்டே கட்டம். ஒன்னு புகார், இன்னொன்னு சம்பவம். நீங்க யார் மேலயும் புகார் சொல்லலை. பாவம், அந்தக் கிளார்க் என்ன செய்வான்?"

 அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"எடுக்க முடியுமா?" என்றேன்.

"எடுக்கலாம். மறு ஆய்வுன்னு ஒன்னு இருக்கு. ஆனா உங்க கடிதம் மட்டும் போதாது. அந்தத் தேதியை ஒட்டி உங்க செலவுல வேலை நடந்ததுக்கு அத்தாட்சி வேணும். பில் இருக்கா?"

ஜன்னல் கண்ணாடிக்குக் கடைப் பில் இருந்தது. கொடுத்தேன். வேனுக்கு ஐந்து. ஒன்றுக்கும் இல்லை.

"மெக்கானிக் யாரு?"

"மைத்துனன்."

"அப்போ எழுதி வாங்கிட்டு வந்தாலும் செல்லாது. உறவுக்காரர் இன்னிக்கு எழுதித் தர்றது எப்படி அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்குச் சாட்சி ஆகும்?"

அவர் சொன்னது நியாயம். ஸ்டோர் ரூமில் யாராவது அப்படி ஒரு தாளை நீட்டினால் நானும் வாங்கமாட்டேன். கோப்பை மூடிக்கொண்டு எழுந்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டடி நடந்த பிறகுதான், பட்டறையில் தூக்கி நிறுத்தியிருந்த அந்த பானெட் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பிப் போனேன். "அம்மா, அன்னன்னிக்கு எழுதினதா இருந்தா செல்லுமா? தாள்ல இல்லை. வண்டியில."

"வண்டியில எங்க?"

"பானெட்டுக்கு உள்ளே. வண்டி கீழேதான் நிக்குது."

அந்த அம்மாளுக்கு வேலை நிறைய இருந்தது. வராமல் இருந்திருக்கலாம். பக்கத்து மேஜைக்காரரிடம், "ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வேனுக்குப் பக்கத்தில் நின்று, மனைவியிடம் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். அவள் உடனே திறக்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி என்னையும் அதிகாரி அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பவேயா?"

"பின்னே எப்போ? அம்மா மெனக்கெட்டு இறங்கி வந்திருக்காங்க."

"எஞ்சின் சூடா இருக்கு."

"இருந்தா இருக்கட்டும். மூடியைத்தானே தூக்கப் போறோம்."

இன்னும் என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வழியாக பானெட் திறக்கும் லீவரை இழுத்தாள். நான் மூடியைத் தூக்கிக் கம்பியைப் பொருத்தினேன். உள்பக்கத்தில் மேலிருந்து கீழாக வெள்ளை எழுத்துகள். சில இடத்தில் எண்ணெய்ப் புகை படிந்து மங்கியிருந்தது. அதிகாரி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் பக்கத்தில் நின்று கடிதங்களின் தேதியை வாசித்தேன்.

"மூன்றாம் மாதம், ஒன்பது."

"பதினொன்னு. முன்கண்ணாடி. சரியா இருக்கு. அடுத்தது?"

"எட்டாம் மாதம், இருபது."

"இருபத்தொன்னு. பின்விளக்கு, வலது. சரி."

ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றும் என் கடிதத் தேதிக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி. நடுவில் பிரேக், பெல்ட், எண்ணெய் என்று வேறு வரிகளும் இருந்தன. அந்த எழுத்து ஒரே நாளில் எழுதியதல்ல என்பது பழைய வரிகளின் மேல் படிந்திருந்த அழுக்கைப் பார்த்தாலே தெரிந்தது. அதிகாரி அம்மாள் போனில் படம் எடுத்தார். எடுத்துக்கொண்டே, கீழே இருந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார்.

"இடது கதவு நசுங்கல், பெயின்ட். வீட்டு கேட் தூண். மாமாவுக்குத் தெரியாது."

  நான் வேனின் இடது கதவைப் பார்த்தேன். அந்தக் கதவு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருப்பதை ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் படாத பக்கம் என்று எனக்கு நானே காரணமும் சொல்லியிருந்தேன்.

"இது உங்க கடிதத்துல இல்லையே" என்றார் அதிகாரி அம்மாள்.

இல்லை என்று தலையாட்டினேன். வேலை கெட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்து பொருந்தியும், ஒன்றை மறைத்தோம் என்று ஆகிவிட்டதே.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். "நான்தாங்க இடிச்சேன். எங்க வீட்டு கேட்டு, எங்க தூணு. வேற யாருக்கும் எதுவும் இல்லை. தம்பிகிட்ட கொண்டுபோய்ச் சரிபண்ணிட்டேன்." பிறகு என்னைக் காட்டி, "இவர்கிட்ட சொன்னா உங்களுக்குக் கடிதம் போடுவாரு" என்றாள்.

அதிகாரி அம்மாள் போனைப் பையில் வைத்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. வேற ஆளுக்கோ, வேற ஆள் சொத்துக்கோ சேதம்னா உடனே சொல்லணும். நீங்க பணம் கேட்கப் போறீங்கன்னா சொல்லணும். உங்க கதவு உங்க தூண்ல இடிச்சு, உங்க தம்பி பெயின்ட் அடிச்சா, அதுல எங்களுக்கு வேலையே இல்லை. சொல்லப்போனா, இந்த வரி இருக்கிறதாலதான் மத்த அஞ்சையும் நான் நம்பறேன். எனக்குக் காட்டறதுக்காக எழுதினவன் இதை எழுதுவானா?"

மனைவி சும்மா விடவில்லை. கிளம்பப் போனவரை நிறுத்தி, "சின்னச் சேதத்துக்கு நாங்க எப்படியும் பணம் கேட்கிறதில்லை. அதைச் சொல்லிக் குறைக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்றார். ஒரு குறிப்பிட்ட அளவு வரை சேதத்தை நாங்களே ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் பிரீமியம் குறையுமாம். ஆறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதற்கு ஒரு கட்டம் இருப்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கே மேலே போய், மறு ஆய்வுக்கும் இதற்குமாக இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட்டோம். வேனில் திரும்பினோம். பாலத்தைத் தாண்டும்போது அவளே ஆரம்பித்தாள்.

"கேட்கணும்னா கேளுங்க."

"எத்தனை நாளா என்கிட்ட சொல்ல பயமா இருக்கு?"

"பயமா? உங்களைப் பார்த்தா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயம் இல்லீங்க. என் கைத்தப்பை நகல் எடுத்துக் கோப்புல வைக்கிறது பிடிக்கலை. அவ்வளவுதான்" என்றாள்.

அது எனக்கு இன்சூரன்ஸ் நோட்டீஸைவிடக் கனமாக இருந்தது. நான் எழுதிய ஐந்து வேன் கடிதங்களிலும் வேனை ஓட்டியவர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருந்தது. ஒன்றிலும் தப்பு அவளுடையதில்லை. ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் எழுதியிருந்தேன்.

"இனிமே கேட்காம எழுதமாட்டேன்" என்றேன்.

"எழுதிக் கொடுங்க" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இருபத்தேழாம் தேதி மறு ஆய்வின் முடிவு வந்தது. வேனின் ஐந்து சம்பவங்களும் நீக்கப்பட்டன. ஜன்னல் கண்ணாடியும் நீங்கியது. சமையலறை ஈரம் மட்டும் நின்றுவிட்டது. அதை நாங்களே சிமென்ட் பூசி மறைத்திருந்தோம். அதற்குப் பில்லும் இல்லை, பானெட்டும் இல்லை. அதோடு அந்த வருஷம் உதிரிபாகங்களின் விலையும் கட்டுமான விலையும் ஏறியதால் எல்லாருக்குமே பிரீமியம் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், போன வருஷத்தைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல். நான் பெருமூச்சு விட்டேன். அவள் அதற்குள் போனை எடுத்து, ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த எட்டாவது கிளினிக்குக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். இனி ஐந்தே முக்கால் இல்லை, ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.

முப்பதாம் தேதியே, ஒரு நாள் முன்னதாக, பாலிசி நகலைக் கூடத்தில் கொடுத்தாள். பழைய கவுண்டரையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாளாம்.

"அதே நாற்காலிதான்" என்றாள்.

அதிகாரி அம்மாளுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத எனக்குக் கை பரபரத்தது. மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் மாமா. அதையும் சம்பவம்னு போட்டுடுவாங்க." கடைசியில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வேனின் பக்கக் கண்ணாடி, இரண்டாக உடைந்து.

"விளக்குக் கம்பத்துல உரசிட்டேன். கம்பத்துக்கு ஒன்னும் ஆகலை, இறங்கிப் பார்த்தேன். தம்பி நாளைக்கு வேற கண்ணாடி போட்டுத் தர்றேன்னான்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க தகவலுக்காக. உங்களுக்கு மட்டும்" என்றாள்.

"கையில ஏதாவது பட்டுச்சா?"

"இல்லை."

மறுநாள் நானும் பட்டறைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டி முடித்ததும் மைத்துனன் பானெட்டைத் திறந்தான். எழுதப் போனவன் என்ன நினைத்தானோ, பெயின்ட் பேனாவை என்னிடம் நீட்டினான். நான் மனைவியைப் பார்த்தேன்.

"எழுதலாமா?"

"எழுதுங்க."

கேட் தூண் வரிக்கு வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனா கையில் வழுக்கியது. மூடி சாய்வாக நின்றதால் வரி கோணலாகப் போகும் போலிருந்தது. ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா எழுதுங்க மாமா" என்றான் அவன்.

தேதி போட்டேன். இடது பக்கக் கண்ணாடி என்று எழுதினேன். வரி கோணலாகத்தான் வந்தது. அதற்குப் பக்கத்தில், மாமாவுக்குத் தெரியும் என்று சேர்த்தேன்.